தாத்தாவுக்கு ஒரு மூடி

போகிப் படையலில் எங்கள் வீட்டில் எது குறைந்தாலும் குறையலாம், ஒரு குவார்ட்டர் பிராந்தி மட்டும் குறையக் கூடாது. வடை, பாயசம், மொச்சைக் குழம்பு, கருவாடு எல்லாம் இலையில் இருக்கும். இலைக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில் நிற்கும். அது தாத்தாவுக்கு. அப்பாவின் அப்பா. சுவர்ப் படத்தில் காக்கி உடுப்பும் முழங்கால் வரை பூட்ஸுமாக நிற்பவர். கற்பூரம் காட்டியதும் அம்மா பாட்டிலைத் திறந்து, அதன் மூடியிலேயே ஒரு மூடி ஊற்றி, வீட்டு ஆண்பிள்ளையிடம் நீட்டுவாள். அவன் அதை வாயில் விட்டுக்கொண்டால்தான் தாத்தாவுக்குப் போய்ச் சேரும். அப்பா இருந்தவரை அப்பா குடித்தார். அப்பா போனபின் தம்பியிடம் வந்தது. அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் புரட்டாசியில் அந்தத் தம்பியை வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தது பெரும்பாடு. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டரம்மா, என் மாணவிகளின் வயதுதான் இருக்கும், என்னையும் தம்பி மனைவியையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இன்னொரு தடவை குடிச்சா இங்க தூக்கினு வராதீங்க. வந்தாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." கோபத்தில் சொல்லவில்லை. அழுதுவிடுவாள்போல இருந்தது.

தம்பி வெல்டர். கண்டமங்கலத்தில் பஸ் ஏறினால் புதுச்சேரி கம்பெனி. எங்கள் பக்கத்துப் பாதிப் பேர் அப்படித்தான் போய் வருகிறார்கள். திரும்பும் வழியில், எல்லைக்கு அந்தப் பக்கம், விலை குறைச்சல் என்று ஒரு வரிசைக் கடைகள். எல்லைக்கு இந்தப் பக்கம் பாட்டிலைத் தடவிப் பார்க்கும் போலீஸ். தடவுகிறவன் பாட்டிலில் இருப்பதைத்தான் பிடிக்கலாம், வயிற்றில் இருப்பதைப் பிடிக்க முடியாது. என் தம்பி சட்டத்தை மதிக்கிறவன். எல்லாவற்றையும் அந்தப் பக்கமே முடித்துவிட்டு வருவான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் கம்பெனிக்குப் போகவில்லை. கொல்லையில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்தான். கேப்பைக் கூழ் குடித்தான். சாயங்காலம் புதுச்சேரி பஸ் ஹாரன் அடிக்கும் நேரம் வந்தால் மட்டும் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிடுவான். ஒருநாள் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போர்வைக்குள்ளிருந்து பேசினான்.

"அந்த ஹாரன் சத்தம் கேட்டா உடம்பு தானா எழுந்துக்குதுக்கா. நான் இங்கதான் படுத்துக்கினு கீறேன். அது மட்டும் எழுந்து செருப்ப மாட்டுது."

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அம்மா, நான், தம்பி மனைவி மூன்று பேருக்கும் சேர்த்து இருந்தது அந்த ஒரு உயிர்தான். நாங்கள் அதைக் காற்றில் அகல் விளக்கைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொண்டு சுற்றினோம்.

நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் பெயரில் இருப்பதால் சம்பளத்தில் வைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மார்கழி மாதத்தில், வியட்நாமியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரின் காரணங்கள் என்ற பாடம் வரும். பத்து மதிப்பெண் கேள்வி. கைடில் காரணங்களை எண் போட்டு வரிசையாகத் தந்திருப்பார்கள். பிள்ளைகள் நெட்டுருப் போடுவார்கள். நானும் அந்த வரிசையைத்தான் நடத்தினேன். பரீட்சைக்கு அதுதான் வேண்டும். வரி, ரப்பர்த் தோட்டத்தில் கூலிகளை வதைத்தது, உப்பும் சாராயமும் அபினியும் அரசாங்கத்தின் ஏகபோகமானது, உலகப்போர் முடியும் சமயத்தில் வடக்கே ஜனங்கள் சோறில்லாமல் செத்தது, ஜப்பான்காரன் தோற்றபின் பிரெஞ்சுக்காரன் மறுபடியும் வந்து உட்காரப் பார்த்தது.

அந்த மார்கழியில், முன்பெஞ்சில் ஒரு பெண், இரும்பை என்ற ஊர்ப் பிள்ளை, எழுந்து கேட்டாள்.

"மேடம், சாராயத்துக்குப் போயி யாராவது சண்டை போடுவாங்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தச் சாராயத்தைப் பற்றிக் கைடு எழுதியவனைவிட எனக்கு அதிகம் தெரியும். அது என் வீட்டுச் சமாச்சாரம்.

எங்கள் தெரு அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரன் எல்லை. வாய்க்காலைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரன் எல்லை. தாத்தாவுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்தால் உதை. அவர் வாய்க்காலைத் தாண்டிப் போய், அத்தை வீட்டைத் தன் வீடென்று சொல்லி, பிரெஞ்சுக்காரன் பிரஜையாகி, சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே சுங்க இலாகாவில் காவலாள் வேலை. பூட்ஸ் கொடுத்தார்கள். சொந்த ஊரில் செருப்புப் போட முடியாதவர், அங்கே அந்தப் பூட்ஸோடு எவன் வீட்டுக்குள்ளும் நுழையலாம். அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிக் குறை சொல்வது? என் இரத்தம் இன்றைக்கும் அதை நினைத்தால் ஒரு துள்ளு துள்ளும்.

ஆனால் நுழைந்து என்ன செய்தார்? சாராயம் தேடினார். அந்த ஊர்க்காரர்கள் வீட்டிலேயே அரிசியை ஊறவைத்துக் காய்ச்சுவார்கள். செத்துப்போன பெரியவர்களுக்குப் படைக்க அது வேண்டும். பிரெஞ்சுக்காரன் அதைக் குற்றமாக்கி, தன் ஆட்கள் காய்ச்சியதைத்தான் வாங்க வேண்டும், ஊருக்கு இவ்வளவு வாங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயம் பண்ணினான். தாத்தா கையில் ஓர் இரும்புக்கம்பி. மண் தரையில் குத்துவார், வைக்கோல் போரில் குத்துவார், அரிசிப் பானைக்குள் குத்துவார். வீட்டு வாசலில் நின்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாராம். மாடத்தில் முன்னோருக்கு வைத்திருந்த ஜாடியைக்கூட விட்டதில்லையாம். வயதான காலத்தில், போதை ஏறினால், இதையெல்லாம் பெருமையாகச் சொல்வார். மருமகளாக வந்த அம்மா கேட்டு வைத்திருந்து எங்களுக்குச் சொன்னாள். அவருக்குப் படையலில் பிராந்தி வேண்டும் என்பதும் அவரே சொல்லிவிட்டுப் போனதுதான்.

வியட்நாம்காரர்கள் சுதந்திரம் என்று அறிவித்தபோது, வாசித்த குற்றச்சாட்டுகளில் சாராயமும் இருந்தது. ஹைபோங் துறைமுகத்தில் யார் சுங்கம் பார்ப்பது என்ற தகராறில், சரக்குப் படகு ஒன்றைப் பிரெஞ்சுக்காரன் பிடிக்கப்போய்த்தான் அங்கே பீரங்கி வெடித்தது. தாத்தா கப்பலேறி ஊருக்கு ஓடிவந்தது அந்தக் கலவரத்தில்தான்.

"போடுவாங்கம்மா," என்று மட்டும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். "உன் வூட்டு செத்தவங்களுக்கு வெச்சத எவனோ பூட்ஸ் காலோட வந்து எடுத்துக்கினு போனா நீ போட மாட்டியா?"

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது எனக்குத் தாத்தாமேல் அப்படி ஒரு ஆத்திரம். ஊரான் பெரியவர்களுக்கு வைத்த ஜாடியைப் பிடுங்கியவருக்கு நாங்கள் வருஷா வருஷம் பாட்டில் வைக்கிறோம். வைப்பதுமில்லாமல், அதைக் குடிக்க என் தம்பியின் வாயைக் கொடுக்கிறோம். போதும் என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். இந்தப் போகிக்குப் பாட்டில் கிடையாது.

அம்மா அடுப்பைவிட்டு எழுந்தே வந்துவிட்டாள். "ஏண்டி, வெளையாடறியா? அந்த மனுசனுக்கு வெக்கலன்னா இன்னா ஆவும்னு ஒனக்குத் தெரியாது?"

தெரியும். அப்பா தலைகால் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம், இனி இந்த வீட்டுக்குள் சாராய வாசனையே வரக்கூடாது என்று அம்மா படையலில் பாட்டில் வைக்கவில்லை. அந்தச் சித்திரையில் அப்பா வயலில் விழுந்து செத்துப்போனார். குடித்துத்தான் செத்தார் என்று நானும் டாக்டரும் சொன்னோம். வைக்காததால் செத்தார் என்று அம்மா நம்பினாள். இன்றுவரை அந்த நம்பிக்கையில் ஒரு நூல்கூட இளகவில்லை.

"ஒரு மூடிதானடி. ஒரு மூடியில இன்னா ஆயிடப் போவுது?"

"ஒரு சொட்டே ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சும்மா."

"டாக்டருக்குப் பெரியவங்கள பத்தி இன்னா தெரியும்? எம் புள்ளய நான் காப்பாத்தணும். வாயை மூடு."

அவளும் அதே உயிருக்காகத்தான் கெஞ்சினாள், நானும் அதே உயிருக்காகத்தான் கத்தினேன். பாட்டிலை வைத்தால் செத்துவிடுவான் என்று நான். வைக்காவிட்டால் செத்துவிடுவான் என்று அவள். தம்பி கொல்லையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தான். உரித்த பருப்பை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமுமாகப் போட்டவன், சண்டை முற்றியபோது இரண்டையும் கலந்து போட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியில் நான் இறங்கிவந்தேன். சரி, நானே வாங்கி வருகிறேன் என்றேன். வாங்கி வந்தேன். போகி அன்று காலையில், எல்லோரும் வாசலில் பழையதைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு பாட்டிலைத் திறந்து முழுவதையும் கொட்டினேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் வாசனை போகவில்லை, பினாயிலைக் கவிழ்த்தேன். பாட்டிலை நன்றாகக் கழுவி, ஆறவைத்திருந்த டீ டிகாஷனை ஊற்றினேன். நிறம் அச்சு அசலாக இருந்தது. மூடியை இறுக்கித் திருகிப் படையலில் கொண்டுபோய் வைத்தேன். எனக்கு என்னைப் பார்த்தே பெருமையாக இருந்தது.

கற்பூரம் காட்டினோம். அம்மா பாட்டிலை எடுத்தாள். புது மூடி திறக்கும்போது நொறுக்கென்று ஒரு சத்தம் வரும். வரவில்லை. அம்மாவின் கை ஒரு விநாடி நின்றது. பிறகு மூடியில் ஊற்றித் தம்பியிடம் நீட்டினாள்.

அந்த மூடியைத் தம்பி பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பயந்தான், ஆசைப்பட்டான், இரண்டுமே அந்தக் கண்ணில் இருந்தன. அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயில் விட்டான். ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு முகத்தைச் சுளித்து, கண்ணை இறுக்கி மூடி, தொண்டையிலிருந்து 'ஹா' என்று ஒரு சத்தம் விட்டான். வருஷா வருஷம் விடும் அதே சத்தம். அம்மாவைப் பார்த்து, "ஆச்சும்மா, தாத்தாவுக்குப் போய்ச் சேந்துடுச்சு," என்றான். நாக்கு மரத்துப்போயிருக்கிறது, மாத்திரை தின்று தின்று ருசி தெரியவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பொங்கல் எங்களுக்கு நல்ல பொங்கல். தம்பி கரும்பு கடித்தான். ஹாரன் சத்தத்துக்குப் போர்வை தேடவில்லை. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. அவன், அவன் மனைவி, நான் மூவரும் போனோம். சாமிகளெல்லாம் ஆற்றுமணலில் வந்து வரிசையாக இறங்கியிருந்தன. அவன் மனைவிக்கு வளையல் வாங்கிக் கொடுத்தான். கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாசி பொறந்ததும் கம்பெனிக்குப் போவலாம்னு கீறேங்கா, ஒண்ணும் ஆவாதுன்னு இப்பத்தான் தைரியம் வந்துது," என்றான். நான் அங்கேயே அழுதேன். மணல் கண்ணில் பட்டதென்று சொன்னேன்.

அம்மா வரவில்லை. கால் வலி என்று வீட்டில் இருந்துவிட்டாள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். நான் கல்லூரியில் இருந்தபோது தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, ஜல்தியா வாங்க," என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் வந்து சேர்ந்தபோது அவன் வீட்டில் இல்லை. கேப்பை டிரம் திறந்து கிடந்தது. தரையெல்லாம் கேப்பை. நடுவில் ஒரு காலி குவார்ட்டர் பாட்டில். மாவரைக்கக் கேப்பை அள்ளப் போனவன் உள்ளே கை விட்டபோது பாட்டில் தட்டுப்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை. எல்லைக் கடைக்குப் போனான், அங்கேயே விழுந்து கிடந்தான், இழுத்து வந்தோம், மறுபடி போனான். காலில் விழுந்தேன். அறைக்குள் வைத்துப் பூட்டினோம், கதவை உடைத்தான். மாசி பிறந்தபோது கம்பெனிக்குப் போக வேண்டியவன், வாயால் இரத்தம் கக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனான். அந்த டாக்டரம்மா தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று சொன்னவள்தான். ஆனாலும் ஓடி ஓடிப் பார்த்தாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒன்றும் பண்ண முடியவில்லை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்காமலே சொன்னாள்.

"நீ வெச்சது டீத்தண்ணின்னு எனக்கு அப்பவே தெரியும்டி. மூடி தெறக்கும்போதே தெரிஞ்சிடுச்சு. பெரிய மனுசன ஏமாத்திட்டமே, எம் புள்ளய எடுத்துக்குவாரோன்னு பயம். ஆத்துத் திருவிழா அன்னிக்கு நீங்கல்லாம் போனதும் எதுத்த வூட்டுப் பையன்கிட்ட ஒண்ணு வாங்கியாரச் சொல்லி, தனியா வெச்சி கும்புட்டேன். படச்சத கொட்டக் கூடாது இல்ல? பங்காளி யாராச்சும் வந்தா குடுக்கலாம்னு கேப்பையில பொதச்சி வெச்சேன். அவன் அங்க கைய வுடுவான்னு நான் கண்டனா?"

தானியத்துக்குள் ஒளித்து வைப்பதையும், தேடி எடுப்பதையும் எங்கள் வீடு எந்த ஊரில் கற்றது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அம்மாவுக்கு என்ன ஆகப்போகிறது? அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மறுநாள் விடியும்போது தம்பி போய்விட்டான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் காரணம் கேட்டார்கள். ஈரல் என்றேன். ஈரல் என்பது எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை. எல்லைக் கடைகளா, தாத்தாவா, மீசை முளைக்காத வாயில் விட்ட முதல் மூடியா, நான் ஊற்றிய டிகாஷனா, அம்மா புதைத்த பாட்டிலா? படுத்தால் இதுதான். எழுந்தால் இதுதான். நான் டீயை ஊற்றாமல் இருந்திருந்தால் அந்த இரண்டாவது பாட்டில் வீட்டுக்குள் வந்திருக்காது. பாட்டிலிலிருந்த பிராந்தியே அவன் வாய்க்குள் போயிருந்தால் மட்டும் பிழைத்திருப்பானா? யாரைக் கேட்பது?

இந்த மார்கழியிலும் அதே பாடம் வந்தது. காரணங்களைக் கரும்பலகையில் எண் போட்டு எழுதினேன். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இதுல எது மேடம் முக்கியமான காரணம்? டைம் இல்லன்னா அத மட்டும் எழுதிடலாம்," என்றாள். சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்து, மணி அடிக்கும்வரை மாடிப்படியில் நின்றேன்.

பிறகு போகி வந்தது. இந்த வருஷம் சுவரில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் தம்பி படம். செத்தவனுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்பது முறை. பங்காளிகள் வந்து, "ரெண்டு குவார்ட்டரா வாங்கிடுங்க, அவனும் ஆசப்பட்டவன்தான," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தம்பி மனைவி அதைக் கேட்டு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். வெளியே வரவே இல்லை.

அம்மா என்னைக் கடைக்கு அனுப்பவில்லை. தாத்தா படத்தை அவளே ஏறிக் கழற்றி, துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். என்ன ஆகுமோ என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. அவர் எடுத்துக்கொள்ள இனி எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தூள் போட்டுக் கொதிக்கவிட்டு இறக்கினாள். கூடத்து அலமாரியிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்தாள். போன போகிக்கு நான் கழுவிய அதே பாட்டில். அவள் எறியாமல் வைத்திருக்கிறாள். அதில் டிகாஷனை ஊற்றித் தம்பி படத்தின் முன்னால் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கற்பூரம் அணைந்தது. அம்மா மூடியில் ஒரு மூடி ஊற்றினாள். நீட்ட ஆண்பிள்ளை இல்லை. என்னிடம் நீட்டினாள்.

வாயில் விட்டேன். சர்க்கரை போடாத வெறும் டீ. ஆறிப்போய்க் கசந்தது. எந்த மரத்த நாக்கும் இதைப் பிராந்தி என்று நம்பாது.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாக்கில் பட்ட அந்தக் கணமே தெரிந்திருக்கிறது. அம்மா பயப்படக் கூடாது, நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, வீங்கிய வயிற்றோடு நின்று எங்கள் இரண்டு பேருக்காகவும் அந்த முகத்தைச் சுளித்திருக்கிறான்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை இறுக்கி மூடி, அவனைப் போலவே 'ஹா' என்றேன்.

"ஆச்சும்மா," என்றேன். "போய்ச் சேந்துடுச்சு."